பொம்மையிலிருந்து பிறந்த புத்தகங்கள்



புத்தகத்திலிருந்து பொம்மை பிறப்பதில் வியப்பில்லை. இராமாயணத்தைப் படித்தவர் அனுமனை மண்ணில் செய்கிறார். பாரதம் கேட்டவர் வீமனை மரத்தில் செதுக்குகிறார். ஆனால், பொம்மை முதலில் பிறந்து, அந்தப் பொம்மையை விற்பதற்காகக் கதை பிறந்து, அந்தக் கதையிலிருந்து நாவலும் பிறந்தால் அதனை என்னென்று சொல்வது? அத்தகைய நாவல் படிக்கத் தகுந்ததுதானா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

இதைக் கேட்டு நகைப்போர் இருக்கலாம். இலக்கியம் பேச வேண்டிய நேரத்தில் பொம்மையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அவர்கள் எண்ணலாம். கச்சிராயபாளையம் போன்ற ஊரை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் வழியில், கோமுகி அணையின் அருகே, கரும்பு வயல்களும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் சூழ்ந்த ஊர் அது. அத்தகைய ஊர்களில் பள்ளி முடிந்து வயலுக்கும் வீட்டு வேலைக்கும் உதவிய பின்னர் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ படிப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. அந்தச் சிறு நேரத்தில் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பது அற்பமான செய்தியன்று. வேளைக்கு ஒரு கவளமே கிடைப்பவனுக்கு அந்தக் கவளம் எத்தகையது என்பதில் அக்கறை மிகுதியாக இருக்க வேண்டுமல்லவா?

முதலில் பொம்மையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஜப்பான் நாட்டில் டகாரா என்னும் நிறுவனம், காராகவும் விமானமாகவும் மாறக்கூடிய இயந்திர மனிதப் பொம்மைகளைச் செய்து வந்தது. அவற்றை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வாங்கி, 1984-ஆம் ஆண்டில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்னும் பெயரில் கடைக்குக் கொண்டு வந்தது. பொம்மை இருந்தது, அதற்குப் பெயர் இல்லை, குணம் இல்லை, கதையும் இல்லை. ஆகவே, படக்கதை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தாரை அமர்த்தி அவற்றை எழுதச் செய்தனர். நல்லவர் கூட்டத்திற்கு ஆப்டிமஸ் பிரைம் தலைவன். தீயவர் கூட்டத்திற்கு மெகாட்ரான் தலைவன். பாப் புடியான்ஸ்கி என்னும் ஆசிரியர் பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரிட்டு, ஒவ்வொன்றின் குணத்தையும் சில வரிகளில் வரைந்தார். அவ்வரிகள் பொம்மையின் அட்டைப் பெட்டியிலும் அச்சாயின. அதே ஆண்டில் படக்கதையும் வந்தது, தொலைக்காட்சித் தொடரும் வந்தது. பின்னர் 2003-ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கிலத்தில் முழுநீள நாவல்களும் வரலாயின. 2007-இல் பெரிய திரைப்படம் வெளிவந்தபோது, ஆலன் டீன் ஃபாஸ்டர் என்னும் தேர்ந்த அறிவியற்கதை ஆசிரியர் அப்படத்தின் கதையையும் அதன் முற்கதையையும் நாவல்களாக எழுதினார். அத்திரைப்படங்கள் தமிழ் பேசியும் நம் ஊர்களுக்கு வந்தன. திருவிழாக் கடைகளில் காராக மாறும் மனிதப் பொம்மை விற்காத ஊர் இன்று அரிது. பொம்மையைக் கண்ட பிள்ளை படத்தைத் தேடுகிறது; படத்தைக் கண்ட பிள்ளை வளர்ந்து, ஆங்கிலம் கற்று, அந்த நாவலையும் தேடக்கூடும்.

இந்த நாவல்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. அதனை மழுப்பாமல் எடுத்துக் கூறுகிறேன். கதையில் ஒருவன் வாழ்வதும் சாவதும் கதையின் தேவையால் அமைய வேண்டும். பொம்மைக் கதையிலோ அது கடையின் தேவையால் அமைகிறது. 1986-இல் இப்பொம்மைகளைக் கொண்டு ஒரு கேலிச்சித்திரத் திரைப்படம் எடுத்தார்கள். அதில் ஆப்டிமஸ் பிரைம் தொடக்கத்திலேயே இறந்துபோகிறான். நாட்டுக்காக உயிர் கொடுத்தானா, தருமத்துக்காக உயிர் கொடுத்தானா என்றால், கதையளவில் அப்படித்தான் தோன்றும். உண்மைக் காரணம் வேறு. பழைய பொம்மைகளை விலக்கிவிட்டுப் புதிய பொம்மைகளை விற்க வேண்டியிருந்தது. திரையரங்கில் பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் சினந்தார்கள். மறு ஆண்டே அவன் தொலைக்காட்சித் தொடரில் உயிரோடு எழுந்து வந்தான். மாண்டவன் மீண்டதும் வாணிகத்தால்தான். சரக்குப் பட்டியலைப் பார்த்து எமன் வருகின்ற கதையை இலக்கியம் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் உண்டு.

ஆயினும், பிறப்பைக் கொண்டு மட்டும் ஒரு நூலைத் தள்ளிவிடுவது தமிழராகிய நமக்குப் பொருந்துமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்தில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். கூத்திலும் பாட்டிலும் மக்கள் கேட்ட அதே கதைகளைப் பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சிட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றனர். அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் இவ்வாறே வீடுதோறும் சென்றன. அவற்றை அச்சிட்டவர்களும் வணிகர்களே. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிக்க, தெருவே கூடிக் கேட்டது. 1952-இல் 'பராசக்தி' திரைப்படம் வந்தபோது அதன் கதை வசனம் புத்தகமாக விற்றது. படத்தை ஒட்டி விற்ற அந்தச் சரக்கைப் படித்துத்தான் எத்தனையோ இளைஞர்கள் மேடையில் நின்று தமிழ் பேசக் கற்றுக்கொண்டனர். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டு வந்தது. 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனே தமிழ் பேசினான். அப்புத்தகங்களைப் பாடநூலுக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்களுள் பலர் பின்னாளில் நல்ல வாசகர்களாக விளங்கினர்.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சிற்பி தன் மனம் போனபடி செதுக்குவதில்லை. வாங்குவோர் கேட்ட தெய்வம், கேட்ட உயரம், கேட்ட மரம் என்று யாவும் வெளியிலிருந்து வருகின்றன. ஆனால், உளி அவன் கையில் இருக்கிறது. முகத்தில் அருள் வந்ததா, வெறும் மரமாகவே நின்றதா என்பது அந்தக் கையைப் பொறுத்தது. கட்டளைக்குச் செய்த காரணத்தால் சிற்பம் தாழ்ந்து விடுவதில்லை. கருத்தின்றிச் செய்தால்தான் அது தாழ்கிறது.

எழுத்துலகிலும் இவ்வாறே. இயந்திர மனிதர் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஐசக் அசிமோவ், 1966-இல் 'ஃபன்டாஸ்டிக் வாயேஜ்' என்னும் திரைப்படக் கதையை நாவலாக எழுதித் தர ஒப்புக்கொண்டார். மருத்துவர் குழு ஒன்று நீர்மூழ்கிக் கப்பலோடு நுண்ணுருவாகச் சுருங்கி ஒரு நோயாளியின் உடலுக்குள் செல்கிறது. படத்தில் அவர்கள் கப்பலை உடலுக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்து விடுகிறார்கள். அசிமோவ் இதனை ஏற்கவில்லை. குறித்த நேரம் கழிந்ததும் கப்பல் மீண்டும் பெரிதாகுமே, நோயாளி என்ன ஆவார் என்று எண்ணினார். தம் நாவலில் கப்பலும் வெளியே வந்து சேருமாறு கதையை மாற்றினார். கதை பிறருடையது, அறிவு தம்முடையது. கூலிக்கு எழுதினாலும் அறிவை அடகு வைக்காத ஆசிரியர் எதையாவது தந்தே செல்வார்.

ஆகவே, நூலின் குலத்தை விசாரிப்பதை விட்டு அதன் குணத்தை விசாரிப்போம். அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. கதையிலிருந்து பொம்மையை எடுத்துவிடுங்கள். கார் வேண்டா, விமானம் வேண்டா, உருமாற்றமும் வேண்டா. எஞ்சி நிற்பது என்ன? ஒரு மனத்தின் போராட்டம் நிற்கிறதா? ஒரு நியாயம், ஓர் அநியாயம், ஒரு நட்பு, ஒரு பிரிவு நிற்கிறதா? நின்றால் அது கதை. ஒன்றும் நிற்கவில்லையானால் அது விலைப்பட்டியல். அதை வாசிப்பதற்குப் பதிலாகக் கடை வாயிலில் நின்று பொம்மைகளை வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம், கண்ணுக்காவது விருந்தாகும்.

இச்சோதனையில் இந்த நாவல்கள் தேறுமா? பெரும்பாலானவை தேறா என்றே சொல்ல வேண்டும். பெயர் மேல் பெயராக வீரர்கள் வருகிறார்கள். இன்ன வண்டியாக மாறினார்கள், இன்ன ஆயுதத்தால் அடித்தார்கள் என்று பக்கம் நிறைகிறது. படத்தில் கண் இமைக்கும் பொழுதில் நிகழும் உருமாற்றத்தை எழுத்தில் விரித்துரைத்தால் அது வியப்பைத் தராது, அயர்வையே தரும். பொம்மையின் அழகு கைக்கும் கண்ணுக்கும் உரியது. சொல்லில் அதே அழகைத் தேடுவது கரும்பைத் தின்னாமல் அதன் தோகையை எண்ணுவது போன்றது.

ஆனால், குப்பையிலும் குன்றிமணி கிடப்பதுண்டு. 2010-இல் அலெக்ஸ் இர்வைன் எழுதிய 'எக்ஸோடஸ்' என்னும் நாவலைச் சொல்கிறேன். இந்த இயந்திரங்களின் தாயகமாகிய சைபர்ட்ரான் கோளில் போர் எவ்வாறு மூண்டது என்பதே அதன் கதை. அங்கே சாதி இருக்கிறது! ஒருவன் எந்த வேலைக்கென்று படைக்கப்பட்டானோ அந்த வேலையிலேயே அவன் கிடக்க வேண்டும். மேலே ஏறுவதற்கு வழியில்லை. கீழ்த்தட்டில் பெயரும் இன்றி உழைத்த ஒருவன், பிறர் களிக்கச் சண்டையிடும் களத்தில் இறங்கி வென்று, தனக்குத் தானே ஒரு பெயர் சூட்டிக்கொள்கிறான். அவனே மெகாட்ரான். ஆவணக் காப்பகத்தில் எழுத்தனாக இருக்கும் ஓரியன் பாக்ஸ் அவன் பேச்சுகளைக் கேட்கிறான், உள்ளம் கலங்குகிறான். இருவருக்கும் நட்பு உண்டாகிறது. பிறப்பால் வேலை வகுக்கும் முறை ஒழிய வேண்டும் என்று இருவரும் ஆட்சி மன்றத்தின் முன் நிற்கிறார்கள். மன்றம் எழுத்தனைத் தலைவனாக்குகிறது. அவனே ஆப்டிமஸ் பிரைம். முதலில் குரல் எழுப்பியவன் புறக்கணிக்கப்படுகிறான். நண்பர்கள் பகைவர்களாகிறார்கள்.

இங்கே பொம்மையை எடுத்துவிட்டுப் பாருங்கள், கதை நிற்கிறது. நிற்பது மட்டுமன்று, நம் ஊரை நோக்கித் திரும்பியும் பார்க்கிறது. 'ரோபோ' என்னும் சொல்லின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1920-இல் செக் மொழி ஆசிரியர் காரல் சாபெக் எழுதிய நாடகத்திலிருந்தே அச்சொல் உலகெங்கும் பரவியது. அதன் வேராகிய 'ரொபோட்டா' என்பது, நிலக்கிழாருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும். கச்சிராயபாளையத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. மலைவாழ் மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியதும் அதே 1976-ஆம் ஆண்டில்தான். பிறப்பாலே உழைப்பு விதிக்கப்பட்டவன் எழுந்து நின்று 'ஏன்?' என்று கேட்பது கச்சிராயபாளையத்து வாசகனுக்கு வேற்றுக்கோளின் கதையன்று. தன் பாட்டன் காலத்துச் செய்தி. பொம்மை விற்றவர்கள் இதனை நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் நினையாததையும் கண்டெடுப்பது வாசகனின் உரிமை.

எனினும், அந்த நாவலின் குறை எங்கே இருக்கிறது என்பதையும் மறைக்கலாகாது. அநியாயத்தை எதிர்த்து முதலில் எழுந்தவன் ஏன் தீயவனாக முடிய வேண்டும்? அவன் கோபம் எந்த இடத்தில் கொடுமையாக மாறியது? மன்றம் அவனுக்குச் செய்தது நியாயமா? இக்கேள்விகளை எழுப்பிய ஆசிரியர், விடை காணும் இடத்தில் போர்க்களத்திற்கு ஓடிவிடுகிறார். சாதியைப் பற்றிய வழக்கு ஆயுத ஓசையில் அமிழ்ந்து போகிறது. காரணம் என்ன? மெகாட்ரான் தீயவன் என்பது 1984-ஆம் ஆண்டின் அட்டைப் பெட்டியிலேயே அச்சாகிவிட்டது. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டிருந்தது. வழக்கை மட்டும் பின்னர் எழுதினார்கள். இதுவே பொம்மையிலிருந்து பிறந்த புத்தகங்களின் உண்மையான எல்லை. அவை நல்ல கேள்வி கேட்கலாம்; ஆனால், விடை சொல்லும் உரிமை அவற்றிற்கு இல்லை.

அந்த உரிமை உள்ள கதை எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. சுஜாதா அவர்கள் 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதை எழுதினார். அதில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய்க்குட்டி. அது வீட்டுக்கு வாங்கி வந்த விளையாட்டுப் பொருள் போன்றதுதான். ஆனால், எந்தக் கடையும் அதை விற்கக் காத்திருக்கவில்லை. ஆகவே, ஆசிரியர் தம் விருப்பம் போல் அதை வளர்த்தார். ஜீனோ புத்தகங்களைப் படிக்கிறது. படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது. சர்வாதிகார ஆட்சியில் சிக்கிய நிலாவுக்கு உற்ற துணையாகிறது. பின்னர் அக்கதை தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. நாவலிலிருந்து திரைக்குச் சென்ற இயந்திரம் அது. ஏவியதைச் செய்யும் பொருளைச் சிந்திக்கும் உயிராக மாற்றுவது வாசிப்பு என்று அக்கதை நமக்குச் சொல்லாமல் சொல்கிறது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து நான் காணும் முடிவு இது. பொம்மை நாவல்களை வரிசையாக வாங்கிக் குவிப்பது வீண். அவற்றுள் நல்லதென்று தேர்ந்த ஒன்றைப் படிப்பது வீணன்று. ஆனால், படிக்கும் முறை ஒன்று உண்டு. கதை எங்கே துணிந்து பேசுகிறது, எங்கே கடைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறது என்று கவனித்துப் படிக்க வேண்டும். அந்த மௌனத்தைக் கண்டுகொண்ட பிள்ளை, விளம்பரத்தையும் அரசியல் மேடையையும் நாளிதழையும் அதே கண்ணோடு பார்க்கும். அந்தக் கண் கிடைக்குமானால் பொம்மை நாவலும் ஒரு பாடநூலே. சொன்னவர் யார் என்று பாராமல் சொன்ன பொருளின் மெய்ம்மையைக் காணச் சொன்ன வள்ளுவரின் வழியும் இதுவே.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் கையில் இத்தகைய புத்தகத்தைக் கண்டால் பிடுங்கி எறிய வேண்டா. பிடுங்கப்பட்ட புத்தகத்தோடு படிக்கும் ஆசையும் சில வேளைகளில் போய்விடுகிறது. அருகில் அமர்ந்து, "அந்த மெகாட்ரான் ஏன் கெட்டவன் ஆனான்?" என்று கேளுங்கள். பிள்ளை விடை தேடும். அந்த நூலில் விடை கிடைக்காதபோது அடுத்த நூலைக் கொடுங்கள். ஜீனோவைக் கொடுங்கள், பின்னர் அடிமைத்தளையை அறுத்தவர்களின் வரலாற்றைக் கொடுங்கள், தம் மலையின் வரலாற்றையும் கொடுங்கள். ஒரு படியில் கால் வைத்தவனை அங்கேயே நிறுத்தி வைப்பதும் தவறு; முதற்படி தாழ்வானது என்று உதைத்துத் தள்ளுவதும் தவறு.

நூலகர்களுக்கும் ஒரு வார்த்தை. 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற நாட்டில் முதலில் பிறந்த நூலகச் சட்டம் அதுவே. வீட்டு வரியோடு நூலக வரியையும் மக்கள் செலுத்துகிறார்கள். அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகத்தைத் தேர்வதில் கண்டிப்பு வேண்டும். ஆனால், அந்தக் கண்டிப்பு ஏளனமாக மாறிவிடக் கூடாது. பத்து நல்ல நூல்களுக்கு நடுவே இத்தகைய நூல் ஒன்று இருக்கட்டும். அதைத் தேடி உள்ளே வரும் பிள்ளை, அதை எடுக்கும்போது பக்கத்து நூலின் முதுகையும் பார்க்கும். பக்கத்தில் எந்த நூலை வைப்பது என்பதில்தான் நூலகரின் திறமை இருக்கிறது.

பொம்மை தேய்ந்துவிடும், திருவிழாக் கடையும் மறுநாள் பிரிக்கப்பட்டுவிடும். 'ஏன்?' என்று கேட்கப் பழகிய மனம் மட்டும் தேய்வதில்லை. எந்த நூல் அந்த ஒரு சொல்லைப் பிள்ளையின் நாவில் வைக்கிறதோ, அந்த நூல் எந்தக் கடையிலிருந்து வந்திருந்தாலும் நம் வீட்டுக்குள் வரலாம்.